ஆன்றோவின் மீதிப் பெயர்

மைக் பிடித்துப் பிழைக்கிறவனுக்குத் தொண்டை கட்டிக்கொள்வது பெரிய கஷ்டமே இல்லை; கூப்பிட்ட பேருக்குப் பதில் சத்தம் வராமல் போவதுதான் கஷ்டம். கல்யாண மண்டபத்தில் "மாப்பிள்ளை வீட்டார் மேடைக்கு வரவும்" என்று கத்திக் கத்தி, ஒருவரும் பந்தியை விட்டு எழுந்திருக்காமல் அசடு வழிய நின்றிருக்கிற தோழர்களே, உங்களுக்குச் சொன்னால் புரியும். பகலில் நான் தி.நகரில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் தள்ளுபடி சொல்கிறவன். கால்பந்து சீசனில் மட்டும் சாயங்காலமானால் மைதானத்தில் அறிவிப்பாளர். கேட்க ஜோராக இருக்கும். போன சீசனில் நான் பட்ட பாட்டைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

பாதி எனக்கு, பாதி அவர்களுக்கு

எங்கள் மைதானத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆட்டம் தொடங்குமுன் நம் டீம் ஆட்டக்காரர்களின் பேரை வாசிக்கும்போது நான் முதல் பாதியைச் சொல்லி நிறுத்துவேன். மீதிப் பாதியை வடக்கு கேலரி ஒரே குரலில் சொல்லும். அந்த கேலரிக்குத் தலைவர் என்று யாரும் யாரையும் நியமிக்கவில்லை. ஆனால் டிரம் சலீம் பாயிடம் இருக்கிறது, அதனால் அவர்தான் தலைவர். ராயப்பேட்டையில் பைக் சீட்டுக்கு உறை தைக்கிறவர். அவர் வாயைத் திறந்தால் கேலரி திறக்கும், மூடினால் மூடும்.

ஆன்றோ ஜெரின் போன சீசனுக்கு முன்புவரை பக்கத்து மாநில டீமில் டிஃபன்ஸ் ஆடிக்கொண்டிருந்தான். இங்கே ஆட வந்தாலே சலீம் பாய் கோஷ்டி அவனுடைய ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டும். ஒரு ஆட்டத்தில், முடியப்போகிற நேரத்தில், கார்னரிலிருந்து வந்த பந்தைத் தலையால் முட்டி நம்மைத் தோற்கடித்தான். அதோடு விட்டானா? நேரே வடக்கு கேலரிக்கு முன்னால் ஓடிவந்து, உதட்டில் விரலை வைத்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை எல்லோருக்கும் 'உஷ்' காட்டினான். டிரம் நின்றுவிட்டது. சலீம் பாய் அன்று யாரோடும் பேசாமல் வீட்டுக்குப் போனார்.

அடுத்த வருஷம் நம் டீமே அவனை வாங்கிவிட்டது. இந்தச் செய்தியை சலீம் பாயிடம் சொல்லும் பாக்கியம் எனக்குத்தான் வாய்த்தது. தைத்துக்கொண்டிருந்த ரெக்சினிலிருந்து கண்ணை எடுக்காமல் அவர் சொன்னார்: "அவன்தானே வாய மூட சொன்னான் நைனா. மூடிக்கினா போச்சு."

முதல் நாள்

மூடிக்கொண்டார்கள். சீசனின் முதல் ஆட்டத்தில் வரிசையாகப் பேர் வாசித்தேன், கேலரி கூரை அதிரப் பதில் சொன்னது. "ஆன்றோ..." என்று நிறுத்தினேன். அத்தனை பேரும் உதட்டில் விரலை வைத்துக்கொண்டு நின்றார்கள். பெரியவர், சின்னப் பிள்ளை, ஐஸ்கிரீம் விற்கிறவர் உட்பட. அப்படியொரு நிசப்தத்தை நான் இழவு வீட்டில்கூடக் கேட்டதில்லை. ஆன்றோ தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அடுத்த பேரை வாசிக்கவே மறந்தேன். சவுண்ட் சர்வீஸ் குமார் பெட்டிக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்து என் காதில் சொன்னான்: "ஒயர்தான் புட்டுக்கிச்சுன்னு அல்லா ஜாயின்ட்டையும் அமுக்கிப் பாத்துக்கினு கீறேண்ணா, நீ இன்னா சும்மா நிக்கிற."

ஜவுளிக்கடை வாசலில்

ஒரு நாள் கடை வாசலில் "சுடிதார் எடுத்தால் துப்பட்டா இலவசம்" என்று பாடிக்கொண்டிருந்தேன். மனைவியோடு உள்ளே போக வந்த ஒருவன் என் குரலைக் கேட்டு நின்றுவிட்டான். ஆன்றோ. மலையாளி என்று நினைத்து நான் ஏதோ அரைகுறை மலையாளத்தில் வரவேற்றேன். அவன் சிரித்தான். கன்னியாகுமரிக் கடற்கரைக்காரனாம், மீன்பிடிக் குடும்பம், வீட்டில் பேசுவது தமிழ். அப்படியானால் இத்தனை வருஷம் நாங்கள் திட்டினதெல்லாம்? "ஒண்ணு விடாம புரிஞ்சுது. ரெண்டு மூணு வார்த்தைதான் புதுசு, அதையும் கேட்டுப் படிச்சிட்டேன்" என்றான். எனக்குக் கடைக்குள் ஓடிவிடலாம் போல இருந்தது.

பிறகு அவன் மனைவி உள்ளே போனதும் குரலைத் தாழ்த்திப் பேசினான். ஒப்பந்தம் ஒரு சீசனுக்குத்தான். முப்பதைத் தாண்டியாயிற்று, இதை விட்டால் வேறு டீம் கூப்பிடாது. ஜனத்துக்குப் பிடிக்காத ஆளை மறுபடி எடுக்க முதலாளிகளுக்கும் மனசு வராது. அதையெல்லாம்கூடத் தாங்கிக்கொள்கிறானாம். ஊரில் மாதா கோயில் மண்டபத்து டிவியில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து ஆட்டம் பார்க்கிறார்கள். பேர் வாசிக்கிற நேரம் பார்த்து அவன் அப்பா மட்டும் எழுந்து வெளியே போய்விடுகிறாராம். சொல்லிவிட்டு என் மைக்கையே பார்த்துக்கொண்டு நின்றான். "எனக்க பேர மட்டும் முழுசாட்டு வாசிச்சிருங்கண்ணே. பாதியில விட்டுட்டு நிக்காதீங்க."

முழுப் பேர்

பாவம் என்று அடுத்த ஆட்டத்தில் "ஆன்றோ ஜெரின்" என்று ஒரே மூச்சில் வாசித்தேன். நல்லது செய்தோம் என்ற நினைப்பில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டதுதான் தப்பு. விரல் வைக்க இடம் கிடைக்காத கேலரி ஒரு நிமிஷம் திகைத்தது, பிறகு என்னைத் திட்ட ஆரம்பித்தது. இடைவேளையில் சலீம் பாயே படியேறி வந்துவிட்டார். மௌனமும் அவர்கள் பங்குதானாம். அதில் நான் கை வைக்கக் கூடாதாம். கண் சிவந்திருந்தது, உண்மையிலேயே வருத்தப்பட்டிருந்தார். "உன் பாதிய நீ சொல்லு. எங்க பாதிய நீ ஏன் நைனா துன்ற?"

கும்பிட்டான்

பழைய டீமுக்கு எதிராக ஆட்டம். ஆன்றோவே கோல் அடித்தான், நாம் ஜெயித்தோம். கோல் போட்டவர் பேரையும் அப்படித்தான் பாதி பாதியாகச் சொல்வது வழக்கம். இன்றைக்கு எல்லாம் சரியாகிவிடும் என்று ஆசையோடு மைக்கை எடுத்தேன். ஆனால் அவன் துள்ளிக் குதிக்கவில்லை. பழைய டீமின் ரசிகர்கள் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைப் பார்த்து மன்னிப்புக் கேட்பதுபோல இரண்டு கையையும் கூப்பினான். சோறு போட்ட இடத்துக்கு ஆட்டக்காரர்கள் காட்டுகிற மரியாதை அது, நாட்டில் எல்லோரும் செய்வதுதான்.

வடக்கு கேலரிக்கு அந்த நியாயம் வேண்டாமே. "ஆன்றோ" என்றேன். அங்கங்கே இரண்டொரு வாய் திறந்ததை நானே கேட்டேன். சலீம் பாய் திரும்பி முறைத்தார், மூடிக்கொண்டன. ஜெயித்த ஆட்டத்திலிருந்து தோற்றவன் மாதிரி வெளியே வந்தேன். வாசலில் டிரம்மைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்ற சலீம் பாய் யாரிடமும் இல்லாமல் பொதுவாகச் சொன்னார்: "நம்மாண்ட போட்டா வெரலு. அவுங்களாண்ட போட்டா கும்புடு. இன்னா நாயம் இது?"

திரும்பிப் பார்த்தான்

கேலரியில் இருக்கிறவர்களுக்கு ஆட்டக்காரனுக்கு யோசனை சொல்லாமல் இருக்க முடியாது. "பின்னாடி ஆளு", "லெஃப்ட்ல குடு", "விட்றாத" என்று ஆட்டம் முழுக்கக் கத்துவார்கள். கேட்கத்தான் ஆள் இல்லை. டீமில் பாதிப் பேர் கோவா, மிசோரம், மீதி வெளிநாடு. ஆன்றோ தவிர தமிழ் தெரிந்த இரண்டு பையன்களும் பெரும்பாலும் பெஞ்சில்தான். மழை பெய்து தரை சேறான ஒரு ஆட்டத்தில், ஆன்றோ வடக்கு கேலரிக்கு அருகில் பந்தை வைத்துக்கொண்டு நின்றபோது சலீம் பாய் பழக்க தோஷத்தில் "பின்னாடி ஆளு" என்று கத்தினார். ஆன்றோ சட்டென்று திரும்பினான். நிஜமாகவே ஆள் வந்துகொண்டிருந்தான். பந்தை ஒதுக்கித் தட்டிவிட்டு, கேலரியைப் பார்த்து லேசாகத் தலையாட்டினான்.

அவ்வளவுதான். அன்றிலிருந்து அவன் அந்தப் பக்கம் வந்தாலே கேலரி முழுக்க எழுந்து நின்று அவனோடு பேசும். அவனும் கேட்பான், சில சமயம் கேட்காமல் கையை ஆட்டி மறுப்பான், அதற்கும் குஷி. ஏழு தலைமுறையைத் திட்டினவர்கள் "சாப்டியா" என்று கேட்கிற நிலைமைக்கு வந்தார்கள். ஆட்டம் முடிந்ததும் சலீம் பாயைப் பார்த்தேன். அழுததுபோல இருந்தது, மழை என்றார். "எத்தினி வருசமா கத்திக்கினு கீறோம், ஒருத்தனாவது காதுல வாங்கினானா? இவன் வாங்கினான் நைனா."

ரோஷம்

அத்தனை ஆன பிறகும் பேர் வாசித்தால் விரல்தான். வாய் திறப்பதில்லை என்ற சபதத்தைச் சபை நடுவே செய்தார்களாம், அவனே வந்து கேட்டால்தான் விடுவார்களாம். சொல்லும்போது இப்போது சிரிக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். டிவியில் சிரிப்பா தெரியும்? மௌனம்தான் தெரியும். சீசன் வேறு முடியப்போகிறது, ஒப்பந்தத்தைப் பற்றி ஒருவரும் அவனிடம் வாயைத் திறக்கவில்லை.

சரி, இவனையாவது வழிக்குக் கொண்டுவருவோம் என்று பெசன்ட் நகருக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை மாலை வேளாங்கண்ணி மாதா கோயிலுக்கு அவன் வருவான் என்று தெரியும். பூசை முடிந்து கடற்கரையில் உட்கார்ந்தோம். ஒரு வார்த்தை கேட்டுவிடேன், உன் அப்பா மண்டபத்தை விட்டு எழுந்து போகாமல் இருப்பாரே என்றேன். அவன் காலில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டே சொன்னான்: "கேட்டு வாங்கினா அது எனக்க பேரா அண்ணே?"

வெளியே போகிறவர்

கடைசி உள்ளூர் ஆட்டம். வடக்கு கேலரிக்கு எதிரே, அதே இடம். ஆன்றோ பந்தோடு முன்னால் ஓடப் பார்த்தான். "பின்னாடி ஆளு" என்று சலீம் பாய் கத்தினார், கூடவே கேலரி கத்தியது. ஆன்றோ ஊன்றிய காலை எடுக்காமல் உடம்பை மட்டும் திருப்பினான். வந்தவன் அவனைத் தொடக்கூட இல்லை. முட்டி அங்கேயே பிசகிவிட்டது. அவன் விழுந்த விதத்தைப் பார்த்தே குமார் "போச்சு" என்று முணுமுணுத்தான். ஸ்ட்ரெச்சர் வந்தது. கேலரியில் ஒருவர்கூட உட்காரவில்லை, யாரும் விரல் வைக்கவில்லை, தலையில் கை வைத்திருந்தார்கள்.

மாற்று ஆட்டக்காரரை அறிவிக்க வேண்டும். உள்ளே வருகிறவர் பேரைத்தான் பாதி பாதியாகச் சொல்வது. வெளியே போகிறவர் பேரை முழுசாக, மெதுவாக வாசித்துவிட வேண்டும், அதற்குப் பதில் கிடையாது. இத்தனை வருஷ சர்வீஸில் அதில் நான் தவறியதே இல்லை. அன்று "வெளியே செல்பவர், ஆன்றோ..." என்றதோடு நின்றுவிட்டேன். மீதி வரவில்லை. மைதானம் அப்படியே நின்றது. பிறகு வடக்கு கேலரியிலிருந்து வந்தது, டிரம் இல்லாமல், வெறும் குரலாக: "ஜெரின்."

முட்டி

ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. நடக்கலாம், ஆட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். டீமும் ஒரு பூங்கொத்தோடு ஒப்பந்தப் பேச்சை முடித்துக்கொண்டது. சலீம் பாய் சாப்பிடாமல் கிடக்கிறார் என்று கேள்விப்பட்டு நான்தான் அவரை இழுத்துக்கொண்டு பார்க்கப் போனேன். வழியெல்லாம் ஒரே புலம்பல். நான் கூப்டேன், அவன் திரும்பினான், நான் கூப்டேன், அவன் திரும்பினான்.

கட்டிலுக்குப் பக்கத்தில் போனார். கட்டுப் போட்ட காலையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆன்றோ அவரை முன்னே பின்னே பக்கத்தில் பார்த்தவன் இல்லை. குரலை வைத்துத்தான் தெரியும். அவர் யாரென்று நான் சொன்னேன். கையை நீட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டான். அப்பா அன்றைக்கு மண்டபத்திலேயே இருந்தாரா என்று கேட்க எனக்கு வாய் வரை வந்தது, கேட்கவில்லை. சலீம் பாய் விசும்ப ஆரம்பித்தார். ஆன்றோ அவரைப் பார்த்துச் சொன்னான்: "நீங்க விளிச்சது சரிதாம்ணே. பின்னால ஆளு நின்னான்."

பாதிப் பேரைச் சொல்லிவிட்டு மீதிக்குக் காத்து நிற்பதற்குத்தான் எனக்குச் சம்பளம், அந்த மீதி, ஆள் உள்ளே வரும்போது வருமா வெளியே போகும்போது வருமா என்பதற்கு நான் பொறுப்பில்லை.