இடுப்புவரை மணல்

என் கையெழுத்து கோணலாக இருக்கும், பிழைகளும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சின்ன வயதில் போலியோவில் இடது கால் போனது. இத்தனை வருடம் தாங்கிய வலது காலும் இப்போது தளர்கிறது. "நடந்து நடந்து இதையும் தேய்ச்சிடாதீங்க" என்றார் டாக்டர். எங்கள் சந்தில் திரும்புகிற மாதிரி, ஒடுக்கமான சக்கர நாற்காலியாகப் பார்த்தோம். அதில் என்னை உட்காரவைத்து அளவெடுத்த கடைப் பெண் என் இடுப்பின் இருபுறமும் கையை ஒட்டிவைத்தாள். எனக்குக் காசிமேட்டு மணல் ஞாபகம் வந்தது.

கடலிலிருந்து திரும்பியதும் அப்பா கரையில் குழி தோண்டி என்னை நிற்கவைப்பார். இடுப்புவரை ஈரமணலை அணைத்துத் தட்டுவார். அப்படிச் செய்தால் காலுக்குப் பலம் வரும் என்று எங்கள் குப்பத்தில் நம்பினார்கள். அவர் கையில் டீசல் மணக்கும்.

"இன்னா மச்சான், புள்ளய நட்டு வெச்சிகீற? தண்ணி ஊத்து, காய்க்கும்!" என்பார், வலையைத் தைத்துக்கொண்டிருக்கும் மாமா.

"நிக்கிறான் பாரு" என்பார் அப்பா. பிறகு என் காதருகே, "உக்காந்துடாத நைனா. உக்காந்தா அவ்ளோதான்."

அந்தச் சொல்லுக்காகவே நாற்பது வருடம் நடந்தேன்.

"டைட்டா கீதாண்ணா?" என்று கேட்டாள் அளவெடுத்த பெண்.

"இல்லம்மா, சரியா கீது."

இன்று அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் அப்பாவுக்குப் படையல் போட்டேன். அவர் படத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

எழுதியது: ஆடி அமாவாசை.