பால் ஆபீசருக்குக் காம்பு வெடித்த கதை

எங்கள் ஊரில் இஸ்க்ராவை யாருக்கும் பிடிக்காது. இஸ்க்ராவுக்கும் எங்களில் ஒருவரைக்கூடப் பிடிக்காது. இரண்டு பக்கமும் சரிசமமாக இருந்ததால் யாரும் மனவருத்தப்படவில்லை.

கூட்டுறவுப் பால்நிலையத்தில் பால் சோதிக்கும் வேலை அவளுக்கு. வெள்ளைக் கோட்டு, வெள்ளைத் தொப்பி, கையில் பால்மானி. அந்தக் கண்ணாடிக் குழாயை அவள் கேனுக்குள் இறக்கும்போது வரிசையில் நிற்கிறவர்கள் மூச்சுவிட மாட்டார்கள். ஒரு கோடையில் தூறல் விழுந்தபோது வாசலில் நின்று ஒரு சொட்டை நாக்கில் வாங்கிப் பார்த்து, “தரம் பத்தாது” என்று சொல்லி மேகத்தையே திருப்பி அனுப்பிவிட்டாள். அந்த வருஷம் எங்களுக்கு உருளைக்கிழங்கு விளையவில்லை. நம்பாதவர்கள் அந்த வருஷத்து உருளைக்கிழங்கில் ஒன்றைக் காட்டட்டும்.

அவளை ஊரிலேயே அதிகமாக வெறுத்தவள் ஆட்டுக்காரி ஸ்தமெங்கா. நூற்றுப்பத்துச் செம்மறி ஆடுகளைத் தனியாளாகக் கறப்பவள். அவள் கை குலுக்கினால் மூன்று நாளைக்கு நமக்கு மோதிரம் ஏறாது. அப்படிப்பட்டவளுடைய இரண்டு கேன் பாலை ஒரு நாள் காலை எல்லோரும் பார்க்க இஸ்க்ரா முற்றத்தில் கவிழ்த்துவிட்டாள். தண்ணீர் கலந்திருக்கிறதாம். ஸ்தமெங்கா காலி கேனைத் தூக்கிக்கொண்டு போனவள், அதற்குப் பிறகு மூன்று வருஷம் இஸ்க்ரா வருகிற தெருவில் கால் வைக்கவில்லை; பாலைக்கூட வேறு ஆள் கையில் கொடுத்தனுப்பினாள். ஆற்றுப் பாலத்தில் ஒருத்தி ஏறினால் மற்றவள் தண்ணீரில் இறங்கி நடப்பாள், பனிக்காலமானாலும்.

இந்த இஸ்க்ராவுக்கு ஏப்ரல் மாதம் டவுன் பிரசவ ஆஸ்பத்திரியில் ஆண் குழந்தை பிறந்தது. கொஸ்தா என்று தாத்தா பெயரை வைத்தார்கள். அந்த நாளில் ஆஸ்பத்திரியில் பிள்ளைகளைத் தனி அறையில் வரிசையாகக் கிடத்தி வைத்து, மூன்று மணிக்கொரு தரம் வண்டியில் தள்ளிக்கொண்டு வந்து அம்மாக்களிடம் கொடுப்பார்கள். இருபது நிமிஷம் கழித்துப் பிடுங்கிக்கொண்டு போவார்கள். யார் எப்படிப் பால் கொடுக்கிறாள் என்று பார்க்க அங்கே ஒருவருக்கும் நேரமில்லை. ஆறாம் நாள் வீட்டுக்கு வந்தபோது இஸ்க்ராவின் இரண்டு காம்பும் வெடித்திருந்தன. ஒன்றில் ரத்தம் கசிந்தது. பிள்ளை வாய் வைத்ததும் அவள் முகம் சுண்ணாம்பாகிவிடும். மாமியார் வெலிக்கா சத்தம் வெளியே கேட்கக்கூடாதென்று கடித்துக்கொள்ள ஒரு மரக்கரண்டி கொடுத்தாள். முதல் நாளே கரண்டி இரண்டு துண்டு.

எங்கள் பக்கத்து வழக்கம் இது. பிள்ளை பெற்றவள் நாற்பது நாள் வாசல்படி தாண்டக்கூடாது. அவளைத் தனியாக விடவும் கூடாது, முறை வைத்து யாராவது கூட உட்கார்ந்திருக்க வேண்டும். குழந்தையை யாரும் புகழக்கூடாது, கண் பட்டுவிடும். அதனால் வருகிறவர்களெல்லாம் தொட்டிலைப் பார்த்து மூன்று தடவை துப்புகிற மாதிரிச் செய்து, “சீ, என்ன கோரம், கோழி எச்சம் போட்ட மூஞ்சி” என்று திட்டுவார்கள். இஸ்க்ராவின் பிள்ளையைத் திட்ட எங்களுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியிருக்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, பால் கொடுப்பதை வெளியாள் கண்ணால் பார்க்கக்கூடாது. பார்த்தால், பார்த்தவளோடு பாலும் போய்விடும் என்பார்கள். ஆகவே குழந்தை அழுததும் வெலிக்கா ஒரு கனத்த கம்பளிப் போர்வையை எடுத்து மருமகளைத் தலையோடு மூடிவிடுவாள். உள்ளே கும்மிருட்டு. அதற்குள் இஸ்க்ரா கூன்போட்டு உட்கார்ந்திருப்பாள். நாங்கள் வெளியே உட்கார்ந்து பனித்சா என்கிற பாலாடைக்கட்டி அடையைத் தின்றுகொண்டு வைத்தியம் சொல்வோம்.

வெலிக்காவின் வைத்தியம் பிளம்பழச் சாராயம். “தோலு கெட்டியாகும்மா. என் மாமியாரு எனக்குப் போட்டாங்க, நான் செத்தா போயிட்டேன்?” என்று பஞ்சில் நனைத்து ஒற்றினாள். வெடித்த இடத்தில் சாராயம் பட்டால் எப்படியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். இஸ்க்ரா அன்றைக்குச் சுவரில் குத்திய குத்தில் பக்கத்து வீட்டு அலமாரியில் தட்டுகள் விழுந்தன. பிள்ளை சாராய நெடியில் இரண்டு வேளை பால் குடிக்காமல் தூங்கியது, தூக்கத்தில் கல்யாணப் பாட்டு முனகியது. வாத்தியார் மனைவி பராஷ்கேவா முரட்டுத் துண்டால் தேய்க்கச் சொன்னாள். நான் வாத்துக் கொழுப்புக் கொண்டுபோனேன். அதில் பிள்ளை வழுக்கி வழுக்கி விழுந்தது. ஒவ்வொரு வைத்தியத்துக்கும் காம்பு இன்னும் கொஞ்சம் வெடித்தது.

திங்கட்கிழமை நர்ஸ் வந்தாள். தராசுக் கொக்கியில் துணித் தொட்டிலைக் கட்டிப் பிள்ளையை நிறுத்தாள். பிறந்தபோது மூவாயிரத்து நானூறு கிராம். இப்போது மூவாயிரத்து ஐம்பது.

“பிள்ளை காஞ்ச குச்சியா இருக்கு” என்றாள் நர்ஸ்.

“நல்லா சொன்னே, இன்னும் சொல்லு” என்று வெலிக்கா சந்தோஷப்பட்டு மூன்று தடவை துப்பினாள்.

“கண்ணுபடாம இருக்கச் சொல்லலை, வெலிக்காம்மா. நெசமாவே காஞ்சுகிட்டு வருது.” நர்ஸ் இஸ்க்ரா பக்கம் திரும்பினாள். “வெள்ளிக்கிழமை வருவேன். எடை ஏறலைன்னா டவுன் ஆஸ்பத்திரியில சேத்துடணும். மாவுப்பால் குடுத்து அவங்க தேத்துவாங்க. நீ இங்கதான் இருக்கணும், அங்க தாயைக் கூட வைக்க மாட்டாங்க.”

“அவன் எங்கேயும் போக மாட்டான்” என்றாள் இஸ்க்ரா.

“அதைத் தராசுகிட்ட சொல்லு.”

மூன்று வருஷமாக ஊருக்கே இஸ்க்ரா பால்மானியைக் காட்டிச் சொன்ன பதில் அதுதான்.

அன்று முதல் பிள்ளை அழும்வரை அவள் காத்திருக்கவில்லை. ஒரு மணிக்கொரு தரம் போர்வைக்குள் போனாள். வெளியே வரும்போது உதட்டில் பல் பதிந்த தடம் இருக்கும். பிள்ளை குடித்த மாதிரியும் இருக்கும், பத்து நிமிஷத்தில் மறுபடியும் கத்தும்.

செவ்வாய்க்கிழமை காலை அவளோடு உட்காருகிற முறை என்னுடையது; வெலிக்காவும் அங்கேயே இருந்தாள். கதவு தட்டாமல் திறந்தது. ஸ்தமெங்கா. பிள்ளை பெற்ற வீட்டுக்கு ரொட்டி கொண்டுபோகாதவளின் ஆடுகளுக்குப் பால் வற்றிவிடும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. ஆட்டுக்காரிக்கு அதை மீற முடியுமா? எட்டு நாள் பொறுத்துப் பார்த்திருக்கிறாள். அன்று காலை ஒரு ஆடு உதைத்ததாம், போதாதா.

ரொட்டியை மேசையில் வைத்தாள். செங்கல் விழுந்த மாதிரிச் சத்தம்.

“இந்தா. குடுத்துட்டேன். நீங்க ரெண்டு பேரும் சாட்சி.”

“ரொட்டியில கல்லு கலந்திருக்கா?” என்றாள் இஸ்க்ரா கட்டிலில் இருந்தபடி.

“உன் மீட்டரை விட்டுப் பாரு, ஆபீசரம்மா.”

தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தாள். துப்பவில்லை. “இது திட்டவே வேண்டாத பிள்ளையா இருக்கே” என்று மட்டும் சொன்னாள்.

அந்த நேரம் பார்த்துக் கொஸ்தா அழ ஆரம்பித்தான். இஸ்க்ரா எங்கள் மூன்று பேரையும் பார்த்தாள். எதிரி உட்கார்ந்திருக்கும்போது கொடுப்பதா? ஆனால் வெள்ளிக்கிழமைக்கு மூன்று நாள்தான் இருந்தது. பிள்ளையைத் தூக்கினாள். வெலிக்கா போர்வையைப் போட்டாள். உள்ளே மூச்சு இழுபடுகிற சத்தம் கேட்டது, பிறகு ‘டக், டக், டக்’ என்று நாக்குச் சொடுக்குகிற மாதிரி ஒன்று.

வாசல்வரை போன ஸ்தமெங்கா நின்றாள். காதைச் சாய்த்தாள்.

“அது என்ன சத்தம்?”

“பிள்ளை குடிக்கிறான்” என்றாள் வெலிக்கா பெருமையாக.

“குடிக்கிற சத்தமா அது? குட்டி காத்தை உறிஞ்சுற சத்தம்.” இரண்டே எட்டில் கட்டிலுக்கு வந்து போர்வையை உருவி எறிந்துவிட்டாள்.

வெலிக்கா தலையில் கைவைத்துக்கொண்டாள். “ஐயையோ, பாலு போச்சு, பாலைப் பாத்துட்டாளே இந்தப் பாவி.”

“எந்தப் பாலை, வெலிக்காக்கா? இங்க ரத்தம்தான் இருக்கு. அதையா நான் கொண்டுபோகப் போறேன்?”

“என் மேல கை வைக்காதீங்க” என்றாள் இஸ்க்ரா. குரல் பால்நிலையத்துக் குரல்தான், ஆனால் கண்ணில் தண்ணீர் நின்றது.

“உன்னை யாரு தொடுறா? உன்னைத் தொட்டா எனக்குக் கையில சொறி வரும். பிள்ளை வாயைப் பாரு. நீயே பாரு. இருட்டுல உக்காந்து இத்தனை நாள் என்னத்தைப் பாத்தே?”

இஸ்க்ரா குனிந்து பார்த்தாள். வீட்டுக்கு வந்த பிறகு முதல் தடவையாக வெளிச்சத்தில் பார்த்தாள். நானும் பார்த்தேன், சொல்லக்கூடாதுதான். பிள்ளை காம்பின் நுனியை மட்டும் ஈறுக்கு நடுவில் வைத்துக் கடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. உதடு உள்பக்கம் சுருண்டிருந்தது.

“நுனியை மட்டும் புடிச்சு மென்னா உனக்குக் கிழியும், அவனுக்கு வராது. என் ஆடா இருந்தா இந்நேரம் குட்டியை உதைச்சுத் தள்ளியிருக்கும். ஆட்டுக்கு இருக்கிற புத்தி…” ஸ்தமெங்கா அதோடு நிறுத்திக்கொண்டாள். “சுண்டுவிரலை வாய் ஓரத்துல விடு. இழுக்காதே. இழுத்தா மிச்சமும் போயிடும். விரலை விட்டா காத்து போகும், தானா விடுவான்.”

விட்டான்.

“இப்ப நிமிந்து சாஞ்சு உக்காரு. இப்படிக் கூன்போட்டு நீ அவன்கிட்ட போகாதே, அவனை உன்கிட்ட கொண்டா. வயிறும் வயிறும் ஒட்டணும். மூக்கு காம்புக்கு நேரா வரட்டும். பொறு. பொறுன்னா பொறு. கொட்டாவி மாதிரி வாயைத் திறக்கட்டும்.”

பிள்ளை கொஞ்சமாகத் திறந்தது. இஸ்க்ரா அவசரப்பட்டாள். முகம் சுருங்கியது.

“எடு. விரல். மறுபடி.”

“வலிக்குது.”

“வலிக்கும். வெடிச்ச இடம், இனிக்கவா செய்யும்? எடு.”

ஐந்து தடவை. பிள்ளை நீலம் பாரித்துக் கத்தியது. வெலிக்கா கதவருகில் நின்று சிலுவை போட்டுக்கொண்டே இருந்தாள். “பெத்த பிள்ளையைக் கொல்லுறாங்களே” என்றாள். “அத்தை, ஒண்ணு வாயை மூடுங்க, இல்லை வெளிய போங்க” என்றாள் இஸ்க்ரா. வெலிக்கா வெளியே போனாள், வாயையும் மூடவில்லை.

ஆறாவது தடவை கொஸ்தா கோபத்தில் வாயைக் குகை மாதிரித் திறந்தான். “இப்ப. தாவாக்கட்டை முதல்ல” என்றாள் ஸ்தமெங்கா. இஸ்க்ரா பிள்ளையைச் சேர்த்து அணைத்தாள். காம்பு மட்டுமில்லை, அதைச் சுற்றியிருந்த கறுப்பும் பாதிக்குமேல் வாய்க்குள் போனது. இஸ்க்ரா தோளை இறுக்கிக்கொண்டு காத்திருந்தாள். வலி வந்தது. நான் மனசுக்குள் எண்ணினேன். பத்து எண்ணுவதற்குள் அவள் தோள் இறங்கிவிட்டது. பிறகு அந்த அறையில் வேறொரு சத்தம் கேட்டது, தொண்டையில் ‘களக்’ என்று. கொஞ்சம் விட்டு இன்னொன்று.

என் வாழ்க்கையில் நான் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தது அன்றைக்குத்தான், சுமார் ஐந்து நிமிஷம்.

“சாராயத்தைக் கொண்டுபோய் ஆம்பளைங்ககிட்ட குடு” என்றாள் ஸ்தமெங்கா கடைசியில். “கொழுப்பும் வேணாம், துண்டும் வேணாம்.” அவள் என்னைப் பார்த்தாள், நான் ஜன்னலைப் பார்த்தேன். “குடிச்சு முடிச்சதும் உன் பால்லயே ரெண்டு சொட்டுப் பீச்சித் தடவிட்டு, துணி போடாமக் கொஞ்ச நேரம் காய விடு. நாலு நாள்ல மூடும்.”

“இதெல்லாம் சொன்னதுக்காக இனிமே உங்க பாலை நான் சோதிக்காம விடுவேன்னு நெனைக்காதீங்க” என்றாள் இஸ்க்ரா.

“நீ நன்றி சொல்லியிருந்தாத்தான் எனக்குப் பயமா இருந்திருக்கும்.” ஸ்தமெங்கா கதவை அடித்துச் சாத்திக்கொண்டு போனாள். அடுத்த நாளே மந்தையை மலைக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டாள். இரண்டு பேரும் பிறகு ராசியானார்களா என்று கேட்பீர்கள். இல்லை.

புதன், வியாழன் இரண்டு நாளும் அந்த வீட்டில் யுத்தம். போர்வையோடு வெலிக்கா வருவாள், இஸ்க்ரா அதைப் பிடுங்கிக் கட்டிலுக்கு அடியில் உதைத்துத் தள்ளுவாள். சில வேளை பிள்ளை சரியாகப் பிடிக்கும், சில வேளை பழையபடி நுனியைக் கவ்வும். அப்போது அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சகிக்கவில்லை. விரலைவிட்டு எடுப்பாள், மறுபடி வைப்பாள், மறுபடி எடுப்பாள். “நுனி செல்லாது. திரும்ப வா” என்று பிள்ளையிடம் சொல்வாள். அந்தக் குரலைக் கேட்டு ஊரில் பெரிய பெரிய ஆட்களே கேனைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். கொஸ்தா வாயை அகலமாகத் திறந்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை காலை வேடிக்கை பார்க்க ஆறு பெண்கள் வந்துவிட்டோம். பிள்ளையை டவுனுக்குக் கொண்டுபோவார்கள் என்று பாதிப் பேர் எதிர்பார்த்தார்கள். ஒருத்தி டாடா காட்டக் கைக்குட்டையே கொண்டுவந்திருந்தாள். நர்ஸ் கொக்கியை மாட்டினாள். முள் ஆடியது. இஸ்க்ரா தராசை நம்பாமல் மூக்கை அதில் ஒட்டிவைத்துக்கொண்டு நின்றாள்.

“மூவாயிரத்து இருநூத்து இருபது” என்றாள் நர்ஸ். “எப்படி?”

“சாராயம்” என்றாள் வெலிக்கா.

“ஆஸ்பத்திரி?” என்று கேட்டாள் இஸ்க்ரா.

“எதுக்கு? இங்கேயே இருக்கட்டும். இப்படியே குடு. அடுத்த வாரம் வந்து பாக்கறேன்.”

இஸ்க்ரா தராசிலிருந்து பிள்ளையை எடுத்துக்கொண்டாள். கொஸ்தா தலையைத் திருப்பி அவள் சட்டையை முட்டினான்.

“எல்லாரும் வெளிய போங்க” என்றாள். “அவனுக்குப் பசிக்குது.”

“உன்னைத் தனியா விடக்கூடாதே மருமகளே, இன்னும் நாப்பது ஆகலையே” என்றாள் வெலிக்கா.

“நான் தனியா இல்லை. போங்க.”

போனோம். நர்ஸையும் சேர்த்தே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டாள். வெளியே தூறிக்கொண்டிருந்தது. வெலிக்காவின் கையில் பனித்சாத் தட்டு அப்படியே இருந்தது. நாங்கள் எட்டுப் பேரும் கூரைச் சரிவுக்குக் கீழே நெருக்கியடித்து நின்று, அவளுக்கு மரியாதை தெரியவில்லை என்று திட்டிக்கொண்டே அதைத் தின்று முடித்தோம். உள்ளேயிருந்து ஒரு ‘டக்’ சத்தமும் வரவில்லை.