கூடுதலாக ஒரு வெள்ளி

காசாளர் வேலையில் பணம் குறைந்தால் வயிற்றெரிச்சல், கூடினால் வயிற்றுப்போக்கு. குறைந்தால் சொந்தக் கையிலிருந்து போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். கூடினால்? எடுத்தால் திருட்டு, வைத்தால் விசாரணை. கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து அவதிப்பட்ட அன்பர்களே, உங்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை.

ஐம்பதுகளின் கடைசியில் சிங்கப்பூர் ராபிள்ஸ் பிளேஸ் பக்கம் ஒரு வெள்ளைக்கார பாங்கில் எனக்குத் தற்காலிக வேலை. அது நிரந்தரமானால்தான் கல்யாணம் என்று பெண்வீட்டார் கறாராகச் சொல்லியிருந்தார்கள்.

சனிக்கிழமைப் பீடை

சனிக்கிழமை தவறாமல் என் கல்லாவில் ஒரு வெள்ளி, அதாவது ஒரு டாலர், கூடுதலாக நின்றது. எச்சில் தொட்டு எண்ணினேன், தண்ணீர் தொட்டு எண்ணினேன், குலதெய்வத்தை வேண்டிக்கொண்டும் எண்ணினேன். அது அசையவில்லை. தலைமைக் காசாளர் கனகசபை யாழ்ப்பாணத்துக்காரர், சிரித்துப் பார்த்தவர் கிடையாது. இன்னொரு சனி இப்படி ஆனால் மானேஜர் துரையிடம் எழுதிக் கொடுப்பேன் என்றார். கூடத்தானே செய்திருக்கிறது, குறையவில்லையே என்று இழுத்தேன்.

"குறைஞ்சா கவனமில்லை எண்டு விடுவினம். கூடினா ஆரோ ஒரு வாடிக்கைக்காரன்ரை காசை அடிச்சுப் போட்டீர் எண்டுதான் காணும் நினைப்பினம்!"

பிடிபட்ட கை

அடுத்த சனி, பாஸ்புக்கில் எழுதுவதுபோலக் குனிந்துகொண்டு ஓரக்கண்ணால் காவல் காத்தேன். சிராங்கூன் ரோட்டுப் பால்காரர் முத்தையா கட்டிய ஐம்பது வெள்ளியை எண்ணி வைத்திருந்தேன். அந்தக் கட்டின் மேல் அவர் மெல்ல ஒரு வெள்ளித் தாளை வைத்தார். லபக்கென்று கையைப் பிடித்தேன். மனிதர் பதறவே இல்லை. மகள் கல்யாணத்துக்குச் சேர்க்கும் பணமாம். ஐம்பது என்று மொட்டையாகக் கொடுத்தால் விளங்காதாம். மொய்க்கு வைப்பதுபோல மேலே ஒன்று வைக்கிறாராம்.

எனக்குப் போன உயிர் வந்தது. இவ்வளவுதானே என்று சீட்டை வாங்கி ஐம்பத்தொன்று என்று திருத்தினேன். அதையும் எண்ணி முடித்தேன். மேலே இன்னொரு வெள்ளி வந்து உட்கார்ந்தது.

"எழுதிட்டா அது கணக்குல சேர்ந்துடுச்சுல்ல தம்பி? கணக்குக்கு மேல இருந்தாத்தான் அதுக்குப் பேரு கூடுதல் லா!"

துரைக்கு வந்த சந்தேகம்

வேறு வழியில்லாமல் முத்தையாவைத் துரையின் அறைக்கே கூட்டிப் போனேன். என் கல்யாணம் இப்போது ஒரு பால்காரர் வாயில் இருந்தது. அவர் சொல்லச் சொல்ல கனகசபை இங்கிலீஷில் மொழிபெயர்த்தார். துரை ஒரு வார்த்தையும் நம்பவில்லை. உங்கள் ஆட்கள் நிஜமாகவே இப்படிச் செய்வார்களா என்று கனகசபையையே கேட்டார். கனகசபை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி துடைத்தார். தானும் கல்யாண வீட்டில் ஐம்பத்தொன்றுதான் கொடுப்பது வழக்கம் என்று முணுமுணுத்தார். அவரைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கலாம் போலிருந்தது!

துரை விழுந்து விழுந்து சிரித்தார். என் வேலையை நிரந்தரமாக்கினார். கவுண்டரில் ஓர் உண்டியல் வைத்து, கூடுதல் வெள்ளியையெல்லாம் கோயிலுக்கு அனுப்பவும் உத்தரவிட்டார். முத்தையாவுக்கு மனம் நிறைந்துவிட்டது. நல்ல வார்த்தை சொன்னவரை வெறுமனே விட்டுப் போகலாமா? துரையின் மேசையில் ஒரு வெள்ளியை வைத்துக் கும்பிட்டுவிட்டு நடையைக் கட்டினார். துரை அந்தத் தாளை நுனியில் பிடித்துத் தூக்கி, இங்கிலீஷில் கேட்டதைத் தமிழில் சொல்கிறேன்:

"மிஸ்டர் கனகசபை, இதை எந்தக் கணக்கில் எழுதுவது?"

உண்டியல் வந்தது

உண்டியல் என்று வைத்தால் நம் ஜனம் சும்மா இருக்குமா? ஒரே வாரத்தில் அந்தத் தகர டப்பாவுக்குக் குங்குமம் வந்தது, கதம்பம் வந்தது. பணம் கட்ட வந்த ஓர் அம்மாள், முந்தானையில் முடிந்திருந்த கற்பூரத்தை அவிழ்த்தபடி அதட்டினார்.

"உண்டியலை மட்டும் இங்க வச்சுட்டு, சாமியை எங்கப்பா கொண்டுபோய் வச்சீங்க?"

வேலை நிரந்தரமாகிக் கல்யாணமும் நடந்தது, அன்றிலிருந்து இன்றுவரை என் கையில் பணம் ஒரு தடவைகூடக் கூடியதில்லை என்பதால் யாரும் என்னை விசாரிக்கவில்லை.