ஆறாவது குரல்

மூன்று வருடங்களுக்கு முன்பு, செமோர் ஊரில் என் பெரியம்மா வீட்டில் நடந்தது இது. பெரியம்மாவும் மற்றவர்களும் வேலை பார்த்து வாழ்ந்த ரப்பர் தோட்டம் இன்று வரிசை வீடுகள் நிறைந்த தாமான் குடியிருப்பாகிவிட்டது. தொழிலாளர்கள் குடியிருந்த லயமும் இல்லை, பால் வடித்த கித்தா மரமும் இல்லை. இருக்கிறவர்கள் நினைவில் உள்ளதையாவது ஒரு சிறு புத்தகமாக்கலாம் என்று நினைத்தேன். ஒரு ஞாயிறு, கோயில் பூசை முடிந்ததும் பெரியம்மாவையும் பழைய தோட்டத்து ஆட்கள் நான்கு பேரையும் ஹாலில் உட்கார வைத்து, மேசையில் கைப்பேசியை வைத்துப் பதிவு செய்தேன். விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களம், ரப்பர் பால் வாளி, வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுச்செல்லும் ஆயாக்கொட்டகை என்று பேச்சு மூன்று மணி நேரம் ஓடியது. சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

நான் பக்கத்து ஊரான ஜெலாப்பாங்கில் ஒரு அலுவலகத்தில் கணினி வேலை பார்க்கிறேன். பேச்சை எழுத்தாக்கி, எது யார் பேசியது என்று பிரித்துக் கொடுக்கும் ஒரு நிரலைப் பைத்தான் என்ற கணினி மொழியில் எழுதி வைத்திருந்தேன். அதில் பதிவைப் போட்டால், ஆறு பேர் பேசியதாகக் காட்டியது. உட்கார்ந்திருந்ததோ ஐந்து பேர். நான் வாயே திறக்கவில்லை. மின்விசிறிச் சத்தத்தில் குழம்பிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து, சத்தத்தைக் குறைத்துப் பார்த்தேன். மறுபடியும் ஆறு. இரண்டு நாள் மல்லுக்கட்டிவிட்டு, கடைசியில் நிரலில் 'ஐந்து பேர்தான்' என்று ஒரு வரியை நானே சேர்த்தேன். உடனே ஐந்தாகிவிட்டது. கோளாறைச் சரிசெய்துவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை.

அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் எல்லோரையும் மறுபடி கூட்டி வாசித்துக் காட்டினேன். பெரியம்மா பெயருக்குக் கீழே ஒரு பகுதி வந்தது. மலையில் பெய்த மழைக்கு ஆறு திடீரென ஏறி, ஆயாக்கொட்டகைக்குள் தண்ணீர் புகுந்தபோது, ஒரு கைக்குழந்தையைச் சாரோங் துணியால் முதுகில் கட்டிக்கொண்டு நெஞ்சளவு தண்ணீரில் நடந்த கதை.

பெரியம்மா கையை நீட்டி நிறுத்தினார். "என்னாடி எழுதியிருக்கே? நானா? நான் அன்னிக்கி பால் எடுக்க மரம் வெட்டப் போயிட்டேன் லா. என் புள்ளையத் தூக்கிட்டு வந்தது இவ!"

அவர் காட்டிய பக்கம் பார்த்தேன். அடுக்களை வாசலில் தட்டோடு நின்றிருந்தார் பக்கத்து வீட்டு அக்கா. பதிவு செய்த அன்றும் எங்களுக்கெல்லாம் கோப்பி கலக்கிக் கொடுத்தவர் அவர்தான். அந்த வெள்ளத்தின்போது அவருக்குப் பதினாலு வயதாம். ஆயாக்கொட்டகையில் ஒத்தாசைக்கு இருந்தாராம்.

"பரவால்ல லா," என்றார் அக்கா. "யாரு பேரு போட்டா என்ன, புள்ள பொழச்சிருச்சுல்ல."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அங்கேயே மடிக்கணினியைத் திறந்து, நான் சேர்த்த வரியை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினேன். ஐந்தாக்கியதில் பெரியம்மா பெயருக்குக் கீழே போய்ச் சேர்ந்திருந்த ஆறாவது குரல் தனியாகத் திரும்பி வந்தது. தூரத்திலிருந்து, கரண்டி கிண்ணத்தில் படும் ஓசைக்கு நடுவே, மெல்லிய குரல். அடுக்களையிலிருந்தே அக்கா நான்கு நிமிடம் பேசியிருக்கிறார். ஹாலில் இருந்த நான், உட்கார்ந்திருந்தவர்கள் பக்கமே முகத்தைத் திருப்பி வைத்திருந்தேன்.

அக்கா தட்டை வைத்துவிட்டு வந்து குனிந்து கேட்டார். "அட, என் கொரலு இப்படியா இருக்கு?" என்று வெட்கத்தோடு சிரித்தார். பெரியம்மா நகர்ந்து, தன் பக்கத்திலேயே அவரை உட்கார வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அக்கா சொன்ன கதைகளே எட்டுப் பக்கத்துக்கு வந்தன.

புத்தகம் அச்சாகிவிட்டது. அதில் உள்ள சிலர் இன்று இல்லாமலும் போய்விட்டார்கள். இயந்திரம் சரியாகக் கேட்டதைத் தப்பென்று திருத்திய அந்த ஒரு வரியை நினைத்தால், இன்னும் யார் யாரை இப்படி எண்ணாமல் விட்டிருப்பேனோ என்று மனம் இன்றும் கூசுகிறது.