வெட்டாமல் சுருக்கிய படம்

போன ஞாயிற்றுக்கிழமை தம்பியின் மகள் தான் அவித்த புட்டைப் படமெடுத்து எனக்கு அனுப்பினாள். புட்டு, பக்கத்தில் கொஞ்சம் சம்பல், பொரித்த மீன் ஒரு துண்டு. பழக்கதோஷத்தில் அந்தக் கோப்பின் அளவைப் பார்த்தேன், எட்டு எம்பி. புட்டு நன்றாகத்தான் உதிர்ந்திருந்தது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் எட்டு எம்பிக்குள் ஒரு காலத்தில் நான் ஒரு கிராமத்தையே கடல் கடந்து அனுப்பியிருப்பேன் என்று சொன்னால், "மாமி தொடங்கிட்டாங்க" என்று சிரிப்பாள். நீங்களாவது கேளுங்கள்.

சுனாமியாகக் கடல் வந்துபோன அடுத்த வருடம் மட்டக்களப்பு நகரில் ஒரு கொமினிகேஷனில் வேலைக்குச் சேர்ந்தேன். தொலைபேசி எடுக்க, போட்டோக்கொப்பி அடிக்க, லெமினேட் பண்ண, இன்டர்நெட் பார்க்க எல்லாவற்றுக்கும் அது ஒரே கடை. பெரியகல்லாற்றிலிருந்து பஸ்ஸில் போய்வருவேன். முதலாளி காத்தான்குடிக்காரர்; மூத்த அண்ணன் என்ற முறையில் எல்லாரும் அவரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். எனக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்று நான் சொன்னதை நம்பித்தான் அவர் வேலை தந்தார். உண்மையில் எனக்குத் தெரிந்தது அதை நிறுத்தி மறுபடி போடுவது மட்டும். பாதி நோய்க்கு அதுவே மருந்து என்பதால் என் பெயர் கெடவில்லை.

அப்போது நகரமெங்கும் நிவாரண நிறுவனங்களின் வெள்ளை வாகனங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு டிஜிட்டல் கமரா. கட்டிக்கொடுத்த கக்கூசைப் படமெடுத்து அன்றைக்கே வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும். உதவி செய்தவர்கள் பார்க்க வேண்டுமாம். எங்கள் இன்டர்நெட்டோ தொலைபேசிக் கம்பி வழியாகக் கீச்சிட்டுக்கொண்டு வரும். முக்கால்வாசிப் படம் போன பிறகு, உள்ளே யாராவது ரிசீவரைத் தூக்கி "ஹலோ" என்றால் போதும், கக்கூஸ் பாதியில் நின்றுவிடும். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அந்த அவஸ்தையில்தான் கம்ப்யூட்டர் சஞ்சிகை ஒன்றோடு வந்த சீடியில் ஒரு மென்பொருளைக் கண்டுபிடித்தேன். முழுக்க இலவசம். வாங்கு, பதிவு செய் என்று நச்சரிக்காது. அதில் படத்தின் நீள அகலத்தைக் குறைக்கலாம். சேமிக்கும்போது ஒரு குமிழை இடப்பக்கம் இழுத்தால் தரம் இறங்கும், கோப்பு மெலியும். இழுக்க இழுக்க எது போகிறது என்று பார்த்துப் பார்த்துப் பழகினேன். எண்பதில் ஒரு வித்தியாசமும் தெரியாது. ஐம்பதில் வானம் கொஞ்சம் படி படியாகும். இருபதில் மனித முகம் செங்கல் அடுக்கியது போலாகிவிடும். வெறும் சுவர், மணல், வானம் எல்லாம் சின்ன இடத்தில் அடங்கும். இலையும் சரிகையும் பூவேலையும்தான் இடத்தைத் தின்னும். இந்த விஷயத்தில் கக்கூஸ்கள் நல்ல பிள்ளைகள். வெள்ளைச் சுவர், நீலக் கதவு, எவ்வளவு சுருக்கினாலும் கோபிக்காது.

சுருக்குகிற வேலை இல்லாத நேரமெல்லாம் லெமினேட் இயந்திரத்துக்குப் பக்கத்தில்தான் நிற்பேன். அந்தச் சூடான பிளாஸ்டிக் மணம் இன்றைக்கும் எங்காவது வந்தால் எனக்குத் தலையிடிக்கும். கடல் எங்கள் ஊர்களில் உயிர்களுக்கு அடுத்ததாக எடுத்துக்கொண்டது கலியாண அல்பங்களை. சேற்றிலிருந்து பொறுக்கியெடுத்த மிச்சத்தை இனி எந்தத் தண்ணீரும் தொடக்கூடாது என்று சனம் வரிசையில் நின்று லெமினேட் பண்ணியது. நன்றாக வெயிலில் காயவைத்ததாகத்தான் எல்லாரும் சொன்னார்கள். கடல் ஒரு பக்கம், வாவி மறுபக்கம் என்று இருக்கிற ஊர்களில் கடதாசி முழுக்கக் காய்வது ஏது? உள்ளே இருந்த ஈரத்தையும் சேர்த்தே ஒட்டிவிட்டோம். சில வருடங்களில் பிளாஸ்டிக்குக்குள்ளேயே பூஞ்சணம் பிடித்துப் படங்கள் ஓரத்திலிருந்து வெளுக்கத் தொடங்கின. பிரிக்கவும் முடியாது, பிரித்தால் முகமும் பிளாஸ்டிக்கோடு உரிந்து வந்துவிடும்.

அப்படி வெளுக்கத் தொடங்கிய ஒரு படத்தோடுதான் கதிரவெளி ஊரிலிருந்து ஒரு அக்கா கடைக்கு வந்தார். போர் முடிந்தது என்று சந்திகளில் வெடி கொளுத்தி ஓய்ந்திருந்த நேரம் அது. அதற்குச் சில வருடங்கள் முன்பு, வாகரைப் பக்கம் செல் குண்டு விழுந்து சனம் எழும்பி ஓடியபோது, ஆடுகளை அவிழ்த்துவிட்டு வருகிறேன் என்று பாதி வழியில் வீட்டுக்குத் திரும்பினார் அக்காவின் கணவர். பிறகு அவரை யாரும் காணவில்லை. காணாமல்போனவர்களின் படங்களை வெளிநாட்டு அலுவலகம் ஒன்று மின்னஞ்சலில் சேகரிக்கிறது என்று கேள்விப்பட்டு, இரண்டு பஸ் மாறி வந்திருந்தார் அக்கா. அந்த அலுவலகத்துக்கு இரண்டு நிபந்தனைகள். கோப்பு நூறு கேபியைத் தாண்டக் கூடாது. படத்தில் காணாமல்போனவர் மட்டும்தான் இருக்க வேண்டும்.

அக்காவிடம் இருந்ததோ ஒரே படம், கலியாணப் படம். பின்னால் ஸ்டூடியோத் திரையில் நீர்வீழ்ச்சியும் இரண்டு அன்னங்களும். முன்னால் தலைப்பாகையோடு கணவர், புருவத்தில் ஒரு தழும்பு. பக்கத்தில் சரிகை மின்னும் சிவப்புக் கூறைச் சேலையில் அக்கா. கணவரின் கை அக்காவின் கையைப் பிடித்திருந்தது. படத்தை ஸ்கேன் பண்ணி, வழக்கம்போல் கணவரைச் சுற்றி மௌஸால் ஒரு பெட்டி போட்டேன்.

"அவர மட்டும் வெட்டி எடுப்பமாக்கா? ரெண்டு நிமிச வேல."

"வெட்டாத!" என்று அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

ஏன் என்று நான் கேட்டிருக்கவே தேவையில்லை. எங்கள் பக்கம் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் கடைக்கு முதலில் வருவது கலியாண அல்பம்தான். தோளோடு தலையை வெட்டியெடுத்து, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு வைத்து, கண்ணீர் அஞ்சலி என்று போட்டுக் கொடுப்போம். பின்னேரத்துக்குள் சந்தியில் ஒட்டியாகிவிடும். பக்கத்தில் நின்றவரின் தோள்பட்டையில் ஒரு துண்டு அந்தப் படத்தின் ஓரத்தில் எப்போதும் மிஞ்சி நிற்கும்.

"தனியத் தலைய எடுத்தா அது செத்தாக்கள்ட போட்டோ. இவரு சாகல்ல" என்றார் அக்கா.

காக்கா மேசைக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்தார். அவருக்கு உண்மையான அக்கறை. "தங்கச்சி, அவனுகள் சொன்ன மாதிரி செய்யாட்டி படத்தத் தொறந்தும் பாக்க மாட்டானுகள்."

"பாக்காட்டி மறுகாவும் அனுப்புவன் காக்கா. வெட்ட ஒண்ணா."

சரி என்று முழுப் படத்தையும் சுருக்கிப் பார்த்தேன். நூறு கேபிக்குள் வந்தபோது தழும்பைக் காணோம், மூக்கு ஒரு கட்டத்துக்குள் போயிருந்தது. அக்கா திரைக்குக் கிட்டக் குனிந்து பார்த்துவிட்டு, "இது அவரில்ல. ஆரோ ஒரு மாப்பிள்ள" என்றார். சுருக்கினால் ஆளைத் தெரியாது, வெட்டினால் அஞ்சலிப் படம். எனக்கு அந்த அலுவலகத்தின் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஆளைத் தேடச் சொல்லிப் படம் கேட்கிறவர்கள், அவர் யாரோடு நின்றார் என்பதை வேண்டாம் என்கிறார்களே!

கோபத்தில்தான் யோசனை வந்தது. முதலில் நீர்வீழ்ச்சியின் மேல் ஒரே நீல நிறத்தைப் பூசி மறைத்தேன். அன்னங்களையும் விடவில்லை, அவற்றை அழித்ததில் எனக்கு ஒரு சந்தோஷம்கூட. தழும்பு கொஞ்சம் திரும்பி வந்தது, ஆனால் முகம் இன்னும் தெளியவில்லை.

"இன்னும் எது தங்கச்சி இடத்தத் தின்னுது?" என்று கேட்டார் அக்கா.

சொல்லத் தயங்கினேன். "ஒங்கட சீல அக்கா. சரிக. பூ, நகையெல்லாம்."

"அப்ப என்னய அழி."

"முகத்தையுமா?"

"ஓம். என்னய ஆரும் தேடல்லயே. அவரு பிடிச்சிரிக்கிற கைய மட்டும் விடு."

காக்கா கதிரையை இழுத்து அக்காவை உட்காரச் சொன்னார். நான் சரிகையிலிருந்து தொடங்கினேன். ஒட்டியாணம், மாலை, நெற்றிச்சுட்டி எல்லாம் போய்ச் சிவப்பு மட்டும் நின்றது. முகத்துக்கு வந்தபோது அதைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்திரண்டு வயதுப் பெண்பிள்ளையின் முகம், வெட்கத்தில் உதட்டைக் கடித்துக்கொண்டிருக்கிறது. "சுறுக்காச் செய் தங்கச்சி, பஸ் போயிரும்" என்றார் அக்கா. செய்தேன். சேமித்தபோது தொண்ணூற்றெட்டு கேபி. கணவரின் தழும்பு, மீசை, தலைப்பாகையின் மடிப்பு எல்லாம் அப்படியே இருந்தன. பக்கத்தில் முகமில்லாத சிவப்பாக அக்கா, அந்தச் சிவப்பிலிருந்து நீண்ட ஒரு கை.

எனக்குத் தெரிந்த இங்கிலீசில், பக்கத்தில் நிற்பது இவருடைய மனைவி, அவரை நீக்க மாட்டோம் என்று எழுதி அனுப்பினேன். ஒருவர் மட்டும் உள்ள படத்தை அனுப்பவும் என்று பதில் வந்தது. அதே படத்தை மறுபடி அனுப்பினோம். மறுபடியும் அதே பதில். "நீயென்ன புள்ள, வெள்ளக்காரனோட மல்லுக்கு நிக்கிறா?" என்று காக்கா சிரித்தார்; ஆனால் அதற்காகத் தொலைபேசியை யாரும் தொடாமல் பார்த்துக்கொண்டதும் அவர்தான். கடைசியில் அவர்களுக்கே அலுத்திருக்க வேண்டும், படம் கிடைத்தது, பதிந்துகொண்டோம் என்று ஒரு வரி எழுதினார்கள். அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. மரணச் சான்றிதழ் எடுத்தால் உதவி கிடைக்கும் என்று வீட்டுக்கு வந்து சொன்ன அதிகாரிகளை அக்கா தேத்தண்ணி கொடுத்துத் திருப்பி அனுப்பியதாகக் கேள்விப்பட்டேன்.

கொமினிகேஷன் இருந்த இடத்தில் இப்போது போனுக்கு உறை விற்கிறார்கள். காக்கா மௌத்தாகி, அடக்கம் செய்து ஐந்தாறு வருடமாகிறது. எங்கள் கம்ப்யூட்டர் பழைய இரும்புக்குப் போனது, ஸ்கேன் பண்ணிய மூலப்படமும் அதோடு போயிற்று. காணாமல்போனவர்களுக்காகப் பெண்கள் வீதியோரத்தில் நிற்கிற இடத்தில், போன வருடம் அக்காவைக் கண்டேன். தலை நரைத்திருந்தது. கையில் எங்கள் தொண்ணூற்றெட்டு கேபி, பெரிதாக அச்சடித்தது. பெரிதாக்கியதில் ஓரங்கள் உடைந்திருந்தாலும் கணவரை நன்றாக அடையாளம் தெரிந்தது. லெமினேட் பண்ணிய படம் என்னாயிற்று என்று கேட்டேன். பிளாஸ்டிக் மட்டும் இருக்கிறது, உள்ளே எல்லாம் வெள்ளை என்றார்.

எனக்கு மனம் பொறுக்கவில்லை. "அக்கா, ஒங்கட கலியாண முகம் இனி ஒரு இடத்திலயும் இல்லையே" என்று சொல்லிவிட்டேன்.

அக்கா என்னை ஏதோ விவரம் தெரியாத பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"அவரு பாத்தவருதானே தங்கச்சி. வந்து சொல்லுவாரு, நான் எப்பிடி இருந்தன் எண்டு."