நான் அறுக்காத கயிறு

எழுபத்து மூன்று வயதில் பொய் சொல்லிப் பெயர் வாங்க வேண்டிய நிலையில் நான் இல்லை. போன ஆடியில், பட்டப்பகலில் எனக்கு நடந்தது இது. நம்புகிறவர்கள் நம்பலாம்.

கண்புரை ஆபரேஷனுக்கு முன்னால் ஈசிஜி எடுத்து வரச் சொன்னார்கள். மகன் சிவபாண்டி என்னை நாகமலை புதுக்கோட்டையில் ஒரு லேபுக்கு அழைத்துப் போனான். அவன் வெளியே இருந்துகொண்டான். கனகா என்ற பெண் என்னை ஒரு சின்ன அறைக்குள் கூட்டிப் போனாள். ஜன்னல் கிடையாது. ஏசி குளிர். சட்டை, பனியன், வாட்ச், மோதிரம் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னாள். இடுப்பில் கிடந்த அரைஞாண் கயிற்றையும் கேட்டாள்.

"உசுரோட இருக்கவன் அதைக் கழட்ட மாட்டான்மா," என்றேன். சிரித்துக்கொண்டே விட்டுவிட்டாள்.

எங்கள் வம்சத்தில் பிணத்தைக் குளிப்பாட்டும்போதுதான் அரைஞாணை அறுப்போம். உடன்பிறந்தவர்களில் மூத்தவன்தான் அறுக்க வேண்டும். மூத்தவனே போய்விட்டால் அடுத்தவன். நாங்கள் இரண்டு பேர். நான் மூத்தவன். தம்பி முத்திருளன் நிலத் தகராறில் என் வீட்டு வாசலுக்குப் போலீசைக் கூட்டிவந்தவன். அன்றே ஊர் முன்னால் சொல்லிவிட்டேன்: என் பிணத்தை அவன் தொடக் கூடாது, அவன் பிணத்தை நான் தொட மாட்டேன். பன்னிரண்டு வருடமாக அந்தச் சொல் நின்றது.

கனகா நெஞ்சில் பசையைத் தடவினாள். ஐஸ் மாதிரி இருந்தது. அதன்மேல் ஆறு ரப்பர் குமிழ்கள் தோலைக் கவ்விக்கொண்டன. மணிக்கட்டுகளிலும் கணுக்கால்களிலும் பெரிய கிளிப். கரண்டு வைப்பார்களோ என்று கேட்டேன்.

"கரண்டெல்லாம் இல்லைங்கய்யா. உங்க நெஞ்சு துடிக்கிறதைத்தான் மெஷின் எழுதும். பேசாதீங்க, அசையாதீங்க. அஞ்சு நிமிசந்தான்."

பீப்... பீப்...

வலது கையை ஆட்ட வேண்டாம் என்றாள். நான் ஆட்டவில்லை. மறுபடியும் சொன்னாள். அதற்குள் பேப்பர் தீர்ந்துவிட்டது. அப்படியே கிடக்கச் சொல்லிவிட்டு, வேறு ரோல் எடுக்கப் போனாள். கதவு மூடிக்கொண்டது. சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று பத்து.

என் நெஞ்சு படபடவென்று அடித்தது. மெஷின் மட்டும் நிதானமானது.

பீப்...... பீப்.........

நின்றது.

வலது கையில் கிளிப் இறுகியது. அதன்மேல் விரல்கள். சுண்டு விரல் இருக்க வேண்டிய இடத்தில் மொட்டை.

கரும்பு மெஷினில் சுண்டு விரலைப் பறிகொடுத்தவன் எனக்குத் தெரிந்து ஒருவன்தான்.

கத்த நினைத்தேன். வாய் திறக்கவில்லை. எழ நினைத்தேன். ஆறு குமிழும் நெஞ்சைக் கட்டிலோடு அழுத்தின.

காதருகே...

"உன்னையத் தொடலண்ணே. கிளிப்பைத்தான் பிடிச்சிருக்கேன்."

அதே நக்கல்.

"அரணாக்கயித்தை அறுக்க ஆளில்லாமக் கிடக்கேன். மூத்தவன் நீ இருக்கைல எவன் அறுப்பான்?"

மாட்டேன் என்று மனதுக்குள் சொன்னேன்.

என் விரல்கள் மடங்கின. நான் மடக்கவில்லை.

ஒரு இழுப்பு.

பட்...

பீப்... பீப்...

கனகா வந்தாள். கிளிப்பைக் கழற்றியவள் என் கையைப் பார்த்தாள். "ஐயா, உங்க கயிறு அறுந்துருச்சே."

உள்ளங்கையில் கறுப்புக் கயிறு. வெள்ளித் தாயத்து. தண்ணீர் சொட்டியது.

இடுப்பைத் தடவினேன். என் கயிறு அங்கேயேதான் இருந்தது.

சிவபாண்டி போனோடு வாசலில் நின்றான்.

"அப்பா... மேலூர்ல சித்தப்பா தவறிட்டாகளாம். விடியக்காலையில."

நான் போகவில்லை. அவன் மட்டும் போய்விட்டு வந்து சொன்னான். நான் வரமாட்டேன் என்று தெரிந்து, பதினோரு மணிவாக்கில் குளிப்பாட்டத் தொடங்கியிருக்கிறார்கள். முதல் குடம் ஊற்றும்போது இடுப்பில் கயிறு இருந்திருக்கிறது. இரண்டாவது குடத்துக்கு இல்லை. இழுத்து அறுத்த தடம் மட்டும் சிவந்து கிடந்ததாம். சுற்றி நின்றவர்கள் யாரும் தொடவில்லையாம்.

நான் சொல்லை மீறவில்லை. அவனை நான் தொடவில்லை.

நான் போனால் அறுக்க வேண்டிய அடுத்தவன் அவன்தான்.

காலையில் எழுந்ததும் இடுப்பைத் தடவிப் பார்க்கிறேன். கயிறு இருக்கிறது...

இன்றுவரை.