கன்ட்ரோலுக்கு ஆகாத மாப்பிள்ளை

இரத்தம் எடுத்த குழாயை ஐஸ் பெட்டிக்குள் வைக்கும்போது வாசலில் பைக் வந்து நின்றது. "மாப்ள வந்துட்டாரு" என்றார் அந்த வீட்டு அம்மா. முகம் வெளுத்துவிட்டது.

மனித ஜீனோம் வரிசை வெளிவந்த புதிது. எம்.எஸ்சி. முடித்த கையோடு மனநோய் ஆராய்ச்சித் திட்டத்தில் சேர்ந்திருந்தேன். விருத்தாசலத்தில் நான் போன முதல் வீடு அது. மூளைக்குள் எந்த ஜீன் எவ்வளவு வேலை செய்கிறது என்று உயிரோடு இருப்பவரிடம் திறந்து பார்க்க முடியாது. அதன் சாயல் இரத்தத்தில் தெரிகிறதா என்று தேடினோம். செராமிக் கம்பெனியில் பொம்மைக்குப் பெயின்ட் அடிக்கும் அந்தோணிக்கு மனச்சிதைவு. மாத்திரையில் நன்றாக இருந்தார். தங்கை ஸ்டெல்லாவின் கல்யாணத்துக்குக் கோயிலில் மூன்று ஞாயிறு வாசிக்கும் கல்யாண அறிவிப்பு, ஓலை, வாசித்துக்கொண்டிருந்தார்கள். "கல்யாணம் முடியற வரைக்கும் மாப்ள வூட்டுக்குத் தெரிய வேணாம் சார்" என்று அம்மா முன்பே கேட்டிருந்தார்.

மாப்பிள்ளை பீட்டர் உள்ளே வந்தார். "யாருக்குங்க அத்தை உடம்பு சரியில்ல?"

"சுகர் டெஸ்ட்டு தம்பி."

"சுகர் இல்ல மாப்ள," என்றார் அந்தோணி, பஞ்சை அழுத்திக்கொண்டே. "எனக்கு முன்னாடி காதுல குரல் கேக்கும். இப்ப மாத்திரை சாப்புடுறேன். அதுக்குத்தான் ரத்தம்."

ஸ்டெல்லா அடுப்படி வாசலில் அசையாமல் நின்றார்.

பீட்டர் என்னைப் பார்த்தார். "பரம்பரையா வருமா சார்?"

நான் விடுவேனா? ஜீன் இருப்பது வேறு, அது வேலை செய்வது வேறு. ஒரு ஜீன் இல்லை, பல. அண்ணனுக்கு இருந்தால் தங்கைக்கோ அவர் பிள்ளைக்கோ வாய்ப்பு கொஞ்சம் கூடுதல், வந்தே தீரும் என்றில்லை. மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன்.

"அப்ப என் ரத்தத்தையும் எடுங்க. ரெண்டையும் வெச்சுப் பாத்துடுங்க."

ஒப்பிட்டுப் பார்க்க, நோயில்லாத குடும்பத்து ஆள் எங்களுக்கும் வேண்டும். அவரைக் கன்ட்ரோல் என்போம். பீட்டருக்கு அந்தோணி வயதுதான். உற்சாகமாக வழக்கமான கேள்வியைக் கேட்டேன்: "உங்க குடும்பத்துல யாருக்காவது மனநோய் இருக்குதா?"

மடித்த சட்டைக் கையோடு பீட்டர் நின்றார். "சித்தப்பா ஒருத்தரு. கம்மாபுரத்துல இருக்காரு," என்றார். பிறகு, "நாங்களும் சொல்லலங்க அத்தை."

"அப்ப நீங்க கன்ட்ரோலுக்கு ஆக மாட்டீங்க," என்றேன்.

"பாத்தியா ஸ்டெல்லா, மாப்ள ஃபெயிலு," என்றார் அந்தோணி.

முதலில் சிரித்தது ஸ்டெல்லாதான். அம்மா டீ போடப் போனார். "மூணாவது ஓலை வர்ற ஞாயித்துக்கெழம," என்றார் பீட்டர் என்னிடம். "கல்யாணத்துக்கு நீங்களும் வந்துடுங்க சார்." போனேன், பிரியாணி நன்றாக இருந்தது.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று: அந்தக் கேள்வியை ஆளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். எல்லா வீட்டிலும் ஓர் அந்தோணி இருக்க மாட்டார்.